வாய்க்கால் ஓரத்துப் பழைய மாவு மில்: தண்ணீரில் ஓடியதா, இன்ஜினில் ஓடியதா?

கேழ்வரகுக்களி
வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே ஓடையிலிருந்து பிரியும் வாய்க்கால் கரையில் கூரை போன ஒரு கருங்கல் கட்டடம் இருக்குங்க. ஊரில் அதற்கு 'மாவு மில்' என்றே பெயர். டேப் பிடித்து எடுத்த அளவுகள்:

வாய்க்காலின் நீர்மட்டத்திலிருந்து, கட்டடத்துக்குக் கீழே தண்ணீர் வெளியேறும் இடம் வரை இறக்கம் 4.5 மீட்டர். உள்ளே ஒரே ஒரு வட்டக் கல், குறுக்கே மூன்றரை அடி, கனம் 10 அங்குலம், நடுவில் சதுரத் துளை. வெளிச்சுவரை ஒட்டி 2 அடி அகலத்தில் மண் மூடிய நீளக் குழி. இன்னொரு அறையில் நான்கு போல்ட் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மேடை.

எது ஓட்டியது இந்த மில்லை? இப்போது வருகிற தண்ணீரை வைத்து ஊர்க் கேழ்வரகையும் சம்பா கோதுமையையும் அங்கேயே அரைக்க முடியுமா?

மில்வாசல்
கால்வாய் ஓரம், அந்தக் காலத்துக் கல் கட்டடம். நீர்ச்சக்கரம்தான், இதில் என்ன சந்தேகம்? இங்கிலாந்தில் கால்வாய்க் கரை முழுக்க மாவு ஆலைகள் அப்படித்தானே நின்றன.

நீர்ச்சக்கரம்
அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள், மில்வாசல் சார். இங்கிலாந்துக் கால்வாய் படகுக்காக வெட்டியது. மதகுக்கு மதகு (படகை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் இரட்டைக் கதவுத் தொட்டி) மட்டமாக நிற்கும் தண்ணீர் அது. ஒவ்வொரு படகு மதகைக் கடக்கும்போதும் மேட்டிலிருந்து ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடும், அதை ஈடுகட்டவே கால்வாய்க் கம்பெனிகள் ஏரி ஏரியாகக் கட்டின. அந்தத் தண்ணீரைச் சக்கரத்துக்குக் கொடு என்று மில்காரன் கேட்டால் தருவார்களா? ஆற்றை நம்பியிருந்த பழைய நீராலைக்காரர்களுக்கும் கால்வாய்க் கம்பெனிகளுக்கும் தண்ணீர்ச் சண்டை நடந்ததுதான் வரலாறு.

பிறகு ஏன் கரையோரம் மில்? சரக்குக்காக. ஒரு குதிரை கால்வாய்ப் படகில் 25 டன் வரை இழுத்துவிடும், ரோட்டில் வண்டியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இழுக்காது. கோதுமையும் நிலக்கரியும் படகில் வரும், மாவு படகில் போகும், கல்லைச் சுற்றுவது நீராவி இன்ஜின். இன்ஜினின் ஆவியைக் குளிர்விக்க மட்டும் கால்வாய்த் தண்ணீரை எடுத்துக்கொண்டு, சூடாகத் திருப்பி விடுவார்கள்.

நம் நாட்டில் கதை வேறு. 1854-ல் திறந்த கங்கைக் கால்வாய் பாசனத்துக்கானது. நிலத்தின் சரிவு கால்வாய்க்கு வேண்டியதைவிட அதிகம். அப்படியே விட்டால் தண்ணீர் வேகம் பிடித்துக் கால்வாயின் அடியை அரித்துவிடும் என்று, இடையிடையே படி வைத்துத் தண்ணீரைக் கீழே குதிக்க விட்டார்கள். அந்த வீழ்ச்சிகளில்தான் பஞ்சக்கி என்கிற மாவு ஆலைகள் உட்கார்ந்தன. அதே கால்வாயின் வீழ்ச்சிகள் சிலவற்றில் 1930 வாக்கில் நீர்மின் நிலையங்கள் வந்தன. ஆலைக்கு வேண்டியதும் மின்சாரத்துக்கு வேண்டியதும் ஒன்றேதான்: இறக்கம்.

அதனால் வாய்க்கால் ஓரம் என்பது சாட்சியே இல்லை. 4.5 மீட்டர் இறக்கம் என்பதுதான் சாட்சி. அதுவும் பாதி சாட்சி. மீதி அந்தக் குழிக்குள் இருக்கும்.

கல்கொத்து
குழி இருக்கட்டும், முதலில் கல்லைப் பார்ப்போம். தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்க. 1) கல்லின் தட்டை முகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் காடிகள் உண்டா? 2) எந்த இடம் வழவழப்பு, முகமா விளிம்பா? 3) நடுத்துளையைச் சுற்றி, முகத்தில், இரும்புத் துண்டு உட்காரப் பள்ளம் வெட்டியிருக்கிறதா?

கேழ்வரகுக்களி
காடி இல்லைங்க அண்ணா. இரண்டு முகத்திலும் உளி கொத்திய தடம் அப்படியே சொரசொரப்பாக இருக்கு. விளிம்புதான் கண்ணாடி மாதிரி வழுவழு, லேசாக உருண்டும் இருக்கு. பள்ளம் எதுவும் இல்லை.

கல்கொத்து
அப்படியானால் அது மாவரைத்த கல்லே இல்லை. சுண்ணாம்புச் சாந்து அரைக்கிற மாட்டுச் செக்கின் சக்கரம். வட்டமாக வெட்டிய பள்ளத்தில் நட்டுக்குத்தாக நின்று உருளும், சதுரத் துளையில் மர அச்சு, மாடு சுற்றும். தேய்வது விளிம்பு மட்டும்தான். அந்தக் கட்டடத்தின் சுவருக்கே சாந்து அரைத்த கல்லாக இருக்கும். வேலை முடிந்ததும் 600 கிலோ கல்லை யார் தூக்கிக்கொண்டு போவது என்று அங்கேயே விட்டிருப்பார்கள்.

மாவுக்கல் எப்போதும் ஜோடி. அடிக்கல் அசையாது, மேல்கல் சுற்றும். அடையாளம் முகத்தில்தான். 4 அடிக் கல்லானால் முகத்தைப் பத்துப் பங்காகப் பிரித்து, பங்குக்கு நாலு காடி வெட்டுவது ஒரு பழைய வழக்கம். காடியின் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. மேல்கல் சுற்றும்போது இரண்டு கல்லின் காடிகளும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று குறுக்கே கடக்கும். தானியம் வெட்டுப்படுவதும், மாவு ஓரத்துக்கு ஓடுவதும், உள்ளே காற்று போய்ச் சூடு தணிவதும் அதனால்தான். மேல்கல்லின் அடிமுகத்தில் துளைக்குக் குறுக்கே இரும்புத் துண்டு பதிந்திருக்கும். மொத்த எடையும் அதில் தொங்கி, கீழிருந்து வரும் அச்சின் முனையில் நிற்கும்.

இடைவெளி எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். துளை அருகே பழுப்புக் காகிதம் நுழைய வேண்டும், ஓரத்தில் மெல்லிய பட்டுக்காகிதம்தான் நுழைய வேண்டும். கல் கல்லைத் தொடவே கூடாது. மட்டமாகக் கொத்தியிருக்கிறதா என்று பார்க்க, நேரான மரக்கோலில் காவியைக் குழைத்துப் பூசி முகத்தின் மேல் இழுப்பார்கள். காவி ஒட்டிய இடம் மேடு, அதை மட்டும் கொத்து. எல்லா இடத்திலும் புள்ளி புள்ளியாகச் சீராக ஒட்டும்வரை இதே வேலை. ஓய்வில்லாமல் ஓடும் கல்லுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இது உண்டு. அம்மி கொத்துகிறவருக்குக் கை பழகியிருக்கும், ஆனால் அம்மிக்குப் புள்ளி போதும், இதற்குக் காடியின் ஆழம் ஓரத்துக்குப் போகப் போகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் அரைபடாத நொய் அப்படியே வெளியே ஓடிவரும்.

ஒரு வேளை மண்ணில் துண்டு துண்டாக ஒட்டி, சுற்றிலும் இரும்புப் பட்டை போட்ட வெளிர்நிறக் கல் கிடைத்தால் உடைத்துவிடாதீர்கள். அது பிரான்சிலிருந்து வந்த, பொத்தல் நிறைந்த பர் கல் வகை. தவிட்டைத் தூளாக்காமல் உரித்துவிடும் என்பதால் வெள்ளை மாவுக்கு அதைத்தான் தேடினார்கள். நம் மலையின் சார்னோகைட் கல்லில் அந்தப் பொத்தல் வாகு கிடையாது.

பைக்காரா லைன்
போல்ட் மேடை பற்றி. நான்கு போல்ட், செவ்வகம் என்றால் ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜினாக இருக்க வாய்ப்பு அதிகம். மேடையின் ஒரு பக்கம் பறக்கும்சக்கரம் (ஃப்ளைவீல்) இறங்கக் குறுகலான பள்ளம், சுவரில் புகைக்குழாய்க்கு வட்ட ஓட்டை, வெளியே குளிர்நீர்த் தொட்டி இருக்கிறதா பாருங்க. மூன்றும் இருந்தால் இன்ஜின் உறுதி. மோட்டார் மேடைக்குப் பள்ளமும் வேண்டாம், புகை ஓட்டையும் வேண்டாம்.

காலவரிசைக்கு: மேட்டுப்பாளையம் ரயில் குன்னூருக்கு 1899-ல் வந்தது, ஊட்டிக்கு 1908-ல். அதற்கு முன் மாவு மலையேற மாட்டுவண்டிதான். ரயில் வந்தபின் கீழ்நாட்டு ரோலர் மில் மைதா மூட்டை மூட்டையாக மேலே வர வழி திறந்தது. காட்டேரி அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுத்து அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையை ஓட்டினார்கள். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல். ஆனால் பைக்காரா மின்சாரம் முதலில் கொழித்தது மலையில் அல்ல, கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளில்.

இன்னொன்று, இன்ஜின் மேடை இருப்பதால் தண்ணீர்ச் சக்கரம் இல்லை என்று ஆகிவிடாது. கோடையில் தண்ணீர் சுருங்கும்போது ஓட்ட, சக்கரத்தோடு கூடவே இன்ஜினும் வைப்பது பல நாடுகளிலும் வழக்கம்.

நீர்ச்சக்கரம்
கேழ்வரகுக்களி, குழியில் மண்ணை அரை ஆள் உயரத்துக்கு எடுத்துவிட்டு, உள்சுவரில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாது. சக்கரம் ஆடி ஆடிச் சுவரில் உரசியிருந்தால் வில் மாதிரிக் கீறல் இருக்கும். வில்லின் இரண்டு முனைக்கு நேராக நூல் பிடித்து நூலின் நீளத்தையும், நூலின் நடுவிலிருந்து வில்லின் வயிறு வரை உள்ள தூரத்தையும் அளந்து போடுங்கள்.

கேழ்வரகுக்களி
இருக்குங்க! மூன்று நாலு கீறல், ஒன்றுக்குள் ஒன்று. நன்றாகத் தெரிகிற ஒன்றில் நூல் 120 செ.மீ., வயிறு 10 செ.மீ. சுவரில் அச்சு நுழைகிற மாதிரி ஒரு சதுர ஓட்டையும் கல் வைத்து அடைத்திருக்கு.

நீர்ச்சக்கரம்
நூல் நீளத்தை நூல் நீளத்தாலேயே பெருக்கி, வயிற்றின் எட்டு மடங்கால் வகுத்து, வயிற்றில் பாதியைக் கூட்டு. 1.2 × 1.2 = 1.44. அதை 0.8-ஆல் வகுத்தால் 1.8. கூட்டு 0.05. ஆரம் 1.85 மீட்டர், குறுக்களவு 3.7 மீட்டர்.

4.5 மீட்டர் இறக்கத்தில் 3.7 மீட்டர் சக்கரம். மேலே மரத்தூம்புக்கும் சக்கரத்துக்கும் இடையில் அரை மீட்டர், அடியில் சக்கரம் வெளியேறும் தண்ணீரில் நனையாமல் இருக்க 30 செ.மீ. கச்சிதமாக உட்காருகிறது. மேல்பாய்ச்சல் சக்கரம், தண்ணீர் மேலே விழுந்து தொட்டிகளை நிரப்பி எடையால் இறக்குவது. ஆக, தண்ணீரில் ஓடியது உறுதி; பைக்காரா லைன் சொன்ன மூன்று அடையாளமும் இருந்தால், பிறகு இன்ஜினிலும் ஓடியது. மில்வாசல் சார் சொன்ன முடிவு சரி, சொன்ன காரணம் தப்பு.

மில்வாசல்
ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் அடியிலேயே தண்ணீர் அடித்துச் சுற்றுகிற சக்கரம் செலவு குறைவாயிற்றே, ஏன் மேல்பாய்ச்சல்?

நீர்ச்சக்கரம்
1759-ல் ஜான் ஸ்மீட்டன் சிறு மாதிரிகளை வைத்துச் சோதித்து வெளியிட்டார். அடிப்பாய்ச்சல் சக்கரம் தண்ணீரின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூட எடுக்கவில்லை, மேல்பாய்ச்சல் மூன்றில் இரண்டை எட்டியது. தண்ணீர் குறைவு, இறக்கம் அதிகம் என்கிற மலையில் அடிப்பாய்ச்சல் வைப்பது கையில் இருக்கும் காசைக் கொட்டுவது.

இப்போது இரண்டாவது கேள்வி. தண்ணீர் எவ்வளவு வருகிறது?

கேழ்வரகுக்களி
ஐப்பசி மழை முடிந்த நேரத்தில் கண்ணுக்கு நல்ல ஓட்டம். அளந்ததில்லை.

நீர்ச்சக்கரம்
கண் ஏமாற்றும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்கு மழையில்தான் ஓடை நிறையும், கூடலூர்ப் பக்கம் தென்மேற்கில். நீங்கள் அளக்க வேண்டியது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, ஓடை இளைத்துக் கிடக்கும்போது.

வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பலகை, அதில் 90 பாகை வி வடிவ வெட்டு, தண்ணீர் முழுதும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் நிற்கும் உயரம் 10 செ.மீ. என்றால் நொடிக்கு 4.4 லிட்டர், 15 என்றால் 12 லிட்டர், 20 என்றால் 25 லிட்டர், 25 என்றால் 43 லிட்டர். உயரம் இரட்டித்தால் தண்ணீர் ஐந்தரை மடங்கு, அதனால் ஒரு சென்டிமீட்டர் தப்பாகப் படித்தாலும் கணக்குக் கவிழும்.

25 லிட்டர் வருகிறது என்று வைப்போம். 9.81 × 0.025 × 4.5 = 1.1 கிலோவாட். சக்கரத்தில் 60 சதவீதம் கிடைத்தால் 0.66. பல்சக்கரங்கள், அச்சுகள் தின்றது போகக் கல்லுக்கு 0.55, அதாவது முக்கால் குதிரைசக்தி. மணிக்கு எட்டு பத்துக் கிலோ. டவுன் மில்லில் 10 குதிரைசக்தி மோட்டார் போட்ட சக்கியோடு ஒப்பிட்டு மூக்கைச் சுளிக்காதீர்கள், இது இரவும் பகலும் ஓடும். ஒப்பிட வேண்டியது கையால் சுற்றும் திருகையோடு.

முக்கால் குதிரைசக்திக்கு 4 அடிக் கல் ஆகாது, அது முக்கால் டன் எடை. இரண்டரை அடிக் கல் எடுத்து நிமிடத்துக்கு 150 சுற்று கொடுங்கள். சக்கரம் சுற்றுவது நிமிடத்துக்கு ஒன்பது சொச்சம்தான். 16 மடங்கு ஏற்ற வேண்டும், ஒரே படியில் முடியாது, இரண்டு படி. பெரிய சக்கரத்துக்கு 80 பல் போடாமல் 81 போட்டு 20 பல்லோடு கோக்கவும். 80 என்றால் சின்னதின் ஒரு பல் நாலு சுற்றிலும் அதே நாலு பல்லையே சந்தித்துக்கொண்டிருக்கும், கோணல் பல் ஒன்று இருந்தால் தன் ஜோடிகளைத் தின்றுவிடும். 81 என்றால் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் சந்தித்துத் தேய்மானம் பரவும். பெரியதில் மரப்பல், சின்னதில் இரும்புப் பல். எது சிக்கினாலும் மரப்பல் உடையும், அச்சு தப்பும்.

பூம்பாறைப் பூண்டு
அண்ணே, கொடைக்கானல் பக்கத்திலிருந்து ஒரு யோசனை. பல்சக்கரமே இல்லாத இமயமலை நீராலை, அதான் கராட், அது மாதிரி வைத்தால் என்ன? எங்கள் பக்க ஓடைகளும் செங்குத்தாகத்தான் இறங்குது.

நீர்ச்சக்கரம்
நல்ல யோசனை, கணக்கும் ஒத்துவரும். 4 மீட்டர் உயரத்திலிருந்து சரிவுத் தூம்பில் இறங்கும் தண்ணீர், உராய்வைக் கழிக்காமல் பார்த்தால், நொடிக்குக் கிட்டத்தட்ட 9 மீட்டர் வேகம் எடுக்கும். படுக்கை வாட்டத்தில் சுற்றும் 90 செ.மீ. சக்கரம் அதில் பாதி வேகத்தில் சுற்றினால் நிமிடத்துக்கு 94 சுற்று. அதே அச்சின் மேலேயே கல், பல்லும் இல்லை பெல்ட்டும் இல்லை. ஆனால் மரத்தில் செய்த பழைய கராட் தண்ணீரின் ஆற்றலில் கால்வாசி எடுத்தாலே பெரிது. அதே 25 லிட்டருக்கு மணிக்கு நாலைந்து கிலோதான். ஏற்கெனவே குழியும் அச்சு ஓட்டையும் இருக்கிற கோத்தகிரிக் கட்டடத்தில் அதை வைப்பது வீண். புதிதாக ஆரம்பிக்கிற இடத்துக்குச் சரி.

எந்தச் சக்கரமானாலும் தூம்புக்கு முன்னால் 20, 25 மி.மீ. இடைவெளியில் கம்பித் தடுப்பு வேண்டும். யூகலிப்டஸ் இலை ஒரு ராத்திரியில் பாய் விரித்துவிடும். மரச்சக்கரத்தை வாரக்கணக்கில் நிறுத்தினால் அடிப்பாதி மட்டும் தண்ணீர் குடித்துக் கனத்து, ஓட்டும்போது நொண்டும். நிறுத்துகிற நாட்களில் தினம் அரைச் சுற்றுத் திருப்பி விடணும்.

கல்கொத்து
தானியத்துக்கு வருவோம். கேழ்வரகு எளிது, உமி கதிரடிக்கும்போதே போய்விடும், கழுவிக் காயவைத்து நேரே கல்லுக்கு. ஆனால் காய்ச்சல் போதாவிட்டால் காடியில் மாவு அப்பி இறுகும், கல் வழுக்கும், மாவு சூடாகிக் காறல் வாடை வரும். கோத்தகிரி மூடுபனியில் இரண்டு நாள் வெயில் என்பதை நாலு நாளாகக் கணக்கு வையுங்க. பல்லில் வைத்தால் நசுங்காமல் டக்கென்று உடையணும்.

சம்பா கோதுமைதான் வம்பு. கதிரடித்தாலும் உமி மணியை விடாது. அப்படியே கல்லில் போட்டால் மாவில் உமித்தூள், தொண்டையில் குத்தும். முதலில் உரலில் இடிக்கணும், இல்லாவிட்டால் கல் இடைவெளியை மணியின் கனத்துக்கு மேல் வைத்து ஒருமுறை உருட்டி உமியைக் கழற்றிப் புடைக்கணும். பிறகுதான் இடைவெளியை இறக்கி அரைவை. சாமைக்கும் இதே இரண்டு நடை.

வெலிங்டன் வயல்
விதை கேட்பவர்களுக்கு: வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை நிலையம் வெளியிட்ட ஹெச்.டபிள்யூ. 1098 ரகம் 'நீலகிரி கப்லி' என்றே பெயர் பெற்ற சம்பா கோதுமை. அந்த நிலையம் ஏன் மலையில் இருக்கிறது என்றால் துருநோய்க்காக. கோடையில் சமவெளியில் செத்துப்போகும் துருப்பூஞ்சை நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் பிழைத்திருந்து, காற்றில் வடக்கே ஏறும் என்று கண்டவர் ஆக்ராவின் கே.சி. மேத்தா. அதனால் துரு தாங்காத பழைய ரகத்தை இந்த மலையில் விதைப்பது நமக்கு மட்டுமான நஷ்டம் இல்லை.

பைக்காரா லைன்
எல்லாரும் சக்கரத்தைப் பேசுகிறீர்கள், தூசியை யாரும் பேசவில்லை. கால்வாய் மாவு மில் வரலாற்றில் மறக்கக் கூடாத தேதி 2 மே 1878. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து வாஷ்பர்ன் 'ஏ' மில். மிசிசிப்பி ஆற்றின் செயின்ட் அந்தோணி அருவிக்கு மேலிருந்து கால்வாய் வெட்டி, மில்களுக்கு அடியில் டர்பைன் குழிகளில் தண்ணீரை இறக்கி ஓட்டினார்கள். படகுக்கும் இல்லை, பாசனத்துக்கும் இல்லை, சக்திக்கென்றே வெட்டிய கால்வாய். அன்று மாலை அந்த மில் வெடித்து 18 பேர் செத்தார்கள். தானியம் தீர்ந்து கல்லோடு கல் உரசிப் பறந்த பொறி, காற்றில் நின்ற மாவுத்தூசி. இதுதான் சொல்லப்பட்ட காரணம். 1880-ல் திரும்பக் கட்டியபோது தூசி உறிஞ்சும் கருவிகளும், கல்லைப் போல மாவரைக்கும் உருளைகளும் வந்தன.

நம் சின்ன மில்லுக்கு இதில் இரண்டு பாடம். தானியப் பெட்டிக்குள் ஒரு தோல்வாரைத் தானியத்துக்கு அடியில் புதைத்து, மறுமுனையில் மணி கட்டுங்கள். தானியம் இறங்கினால் வார் விடுபட்டு மணி அடிக்கும், ஆள் ஓடிவந்து தண்ணீரை அடைக்கலாம். பழைய நீராலைகளில் இது சாதாரணம். அடுத்தது, உத்தரத்திலும் சுவர் இடுக்கிலும் படியும் மாவை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். விளக்குமாற்றால் தட்டினால் தூசியைக் காற்றில் ஏற்றுவீர்கள்.

மில்வாசல்
இவ்வளவு பாட்டுக்கு ஒரு மோட்டார் வைத்து எமரிக் கல் சக்கி வாங்கிப் போட்டால் முடிந்தது.

கல்கொத்து
போடலாம், யார் வேண்டாம் என்றது? கொத்துகிற ஆள் கிடைக்காத ஊரில் எமரிதான் வசதி. ஒன்றை மட்டும் நினைவு வையுங்க, அந்தக் கல்லை வார்ப்பது எமரித் தூளை மக்னீசியம் ஆக்சிகுளோரைடு சிமென்ட்டில் குழைத்து. அதன் மூலப்பொருளான மேக்னசைட் சேலத்திலேயே தோண்டுவது. அந்தச் சிமென்ட்டுக்குத் தண்ணீர் ஆகாது. கருங்கல் என்று நினைத்து வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பிணைப்பு இளகி மணல் உதிரும், உதிர்வது மாவில்தான் போகும். சுத்தம் செய்யக் காய்ந்த அரிசியோ நொய்யோ ஒரு படி ஓட்டி, அந்த மாவைக் கொட்டிவிடணும்.

கேழ்வரகுக்களி
எல்லாருக்கும் நன்றிங்க. சுண்ணாம்புக் கல்லை அங்கேயே விடுகிறோம். வாய்க்கால் யார் கணக்கில் இருக்கு, கீழே யார் குடிக்கிறார்கள், வனத்துறை எல்லை எங்கே என்று முதலில் விசாரிக்கிறோம். பிப்ரவரியில் பலகை வைத்து அளந்து இதே இழையில் போடுகிறேன். வெட்டின் மேலேயே அளவுகோலை ஒட்டிவிடட்டுமா?

நீர்ச்சக்கரம்
கூடாது தம்பி. வெட்டை நெருங்கும்போது தண்ணீர் முதுகு வளைந்து இறங்கும், அங்கே படித்தால் குறைத்துக் காட்டும். ஒரு மீட்டருக்கு மேலே தள்ளி, வாய்க்கால் ஓரத்தில் ஒரு முளை அடித்து, முளையின் தலையை டியூப் மட்டம் வைத்து வெட்டின் அடிமுனைக்குச் சமமாக்குங்கள். அந்த முளையின் தலைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைக் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை படியுங்கள். மேலே தோட்டத்தில் பம்பு ஓடுகிற நேரத்தையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.